நாற்பத்திரண்டு வீட்டுச் சுவர்

ஓடைக்கரைப்பட்டி,
உத்தமபாளையம் வழி.
12-7-1949

சிரஞ்சீவி கர்ணனுக்கு அப்பத்தா மாயக்காள் எழுதிக்கொள்வது.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சித்தப்பா மகன் அழகருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. தேனிக்கும் கம்பத்துக்குமாகப் பஸ் ஓட்டுகிறான். நம் ஊர் விலக்கு வந்ததும் இரண்டு தடவை ஆரன் அடிக்கிறான், அது எனக்காம். அவன் தம்பி பால்பாண்டி எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கேயடா என்று கேட்டால், "வாத்தியாருக்கே அம்புட்டுத்தான் தெரியும் அப்பத்தா" என்கிறான். உன் தங்கை செல்வமணிக்குத் தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆறாம் மாதம் நடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பிரசவத்துக்கு இங்கே கூட்டிவருகிறோம். எல்லாருக்கும் மேலே நீ. இரண்டு சர்க்கார் சேர்ந்து நடத்துகிற ஆபீசில் டில்லியில் உனக்கு நாற்காலி. ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் இதெல்லாம் நடக்கிறது என்றால் உத்தமபாளையத்தில் நம்பாதவர்களும் இருக்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

நீ எழுதியிருந்தபடி வெள்ளிக்கிழமை அமெரிக்காக்காரர் வந்தார். ஜீப்பில் நாலு பேர். நம் சர்க்கார் அதிகாரி இரண்டு பேர், ஒரு துபாஷி, அவர். ஊரைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார்கள். நம் வீட்டுக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்தார். பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏத்தா, நம்ம வீட்டுக் கொசுவ எண்ணவா இவுக கப்பலேறி வந்தாக? அவுக ஊர்ல கொசுவே கெடையாதா?" என்று கேட்டாள். துபாஷி அதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இவ்வளவு சுத்தமான கிராமத்தை நான் இந்தியாவில் பார்த்ததில்லை என்றாராம். கர்ணன் என் பேரன் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டும் காட்டினேன்.

ஊர் பளிச்சென்று இருந்தது உண்மைதான். அதற்கு வேண்டியதைப் பெண்கள் நாங்கள் பார்த்துக்கொண்டோம். உனக்குத் தலைகுனிவு வராமல் நடந்தது, அது போதும்.

ஆசீர்வாதத்துடன்,
மாயக்காள்


புது டில்லி
27-7-1949

அப்பத்தாவுக்குக் கர்ணன் வணக்கத்துடன் எழுதுவது.

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அழகருக்கும் பால்பாண்டிக்கும் என் சந்தோஷத்தைச் சொல். விருந்தினர் திரும்பி வந்ததும் நம் ஊரைப் பற்றி இங்கே எல்லாரிடமும் பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அது ஒரு வாரம்தான் நிலைத்தது.

அப்பத்தா, இதை நிதானமாகப் படி. இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன், இப்போது மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கா கொசு மருந்தும் பம்பும் ஜீப்பும் ஒரு டாக்டரும் தருகிறது. நம் சர்க்கார் ஆட்களைத் தருகிறது, கிராமங்களைத் தருகிறது. ஒப்பந்தம் மூன்று வருஷம். ஆனால் ஒவ்வொரு வருஷமும் இரு தரப்பாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்து, பலன் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருஷத்து மருந்து கப்பலேறும். நம் பள்ளத்தாக்கில் ஆறு ஊர். அதில் நம் ஊர் ஒன்று. வேறு ஜில்லாவுக்குப் போக இருந்ததை வாதாடி நம் பக்கம் கொண்டுவந்தவன் நான். ஏன் என்று உனக்குத் தெரியும். அம்மா எந்தக் காய்ச்சலில் போனாள் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

மருந்து அடிக்கும் முன் ஒரு வீட்டில் காலையில் முப்பது கொசுவுக்குக் குறையாமல் பிடித்தார்கள். வைகாசியில் அடித்த பிறகு ஆறு ஊரிலும் ஒன்று, இரண்டு என்று இறங்கிவிட்டது. மற்ற ஐந்து ஊரில் இன்னும் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் மட்டும் சென்ற வாரம் பத்தொன்பது.

இங்கே இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருந்தை உங்கள் ஆட்கள் விற்றுவிட்டார்கள் என்கிறார்கள் அவர்கள். பழைய சரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்கிறார்கள் இவர்கள். ஆகஸ்டு 16ஆம் தேதி கூட்டுக் கமிட்டி.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, நம் ஊர்ப் பம்புக்காரர் சுருளியாண்டி எல்லா வீட்டிலும் மருந்து அடித்தாரா? இரண்டு, அடித்த பிறகு யாராவது சுவரைப் பூசினார்களா, மெழுகினார்களா? மூன்று மாதம் சுவரைத் தொடக் கூடாது என்ற நோட்டீசை நீதானே ஊருக்கு வாசித்தாய். மருந்து சுவர் மேல்தான் இருக்கிறது. கொசு அதன்மேல் உட்கார்ந்தால்தான் சாகும். அதன்மேல் ஒரு விரற்கடை மண் பூசினாலும் மருந்து இருந்தும் இல்லாததுதான்.

உடனே பதில் எழுது.

உன்,
கர்ணன்


ஓடைக்கரைப்பட்டி
3-8-1949

சிரஞ்சீவி கர்ணனுக்கு.

முதல் கேள்விக்குப் பதில்: அடித்தான். ஒரு வீடு பாக்கி இல்லை. மாட்டுக்கொட்டம் கூட விடவில்லை.

இரண்டாம் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒருவரும் சுவரைத் தொடவில்லை. நோட்டீசை வாசித்துக் காட்டியவளே நான்தான், என்னிடமே கேட்கிறாயே.

இந்த வருஷம் மழை ஆனியிலேயே பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகிறது. வடக்குப் பக்கம் நாற்றங்கால் போட்டிருக்கிறார்கள். கொசு வருவதற்குக் காரணமா இல்லை. மொக்கம்மாள் வீட்டு எருமை ஈன்றிருக்கிறது, அங்கே ஒரே சகதி. இதையெல்லாம் அந்தக் கமிட்டியில் சொல். டில்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாய்க்கால் தெரியுமா, நாற்றங்கால் தெரியுமா.

நேற்று சுருளியாண்டி வந்திருந்தான். ஏதோ சொல்ல வந்தவன் சொல்லாமல் போய்விட்டான். மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அவன் உனக்கு ஏதாவது எழுதிப்போட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் கொஞ்சம் வாய் நீளம்.

செல்வமணி வந்துவிட்டாள். கால் லேசாக வீங்கியிருக்கிறது. அவளுக்குப் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். காற்றோட்டமான அறை. உன் அப்பா சின்னச்சாமி வழக்கம்போலப் பேசுவதில்லை, மகளுக்கு மட்டும் தினம் இளநீர் வெட்டித் தருகிறான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மாயக்காள்


புது டில்லி
18-8-1949

அப்பத்தாவுக்கு.

கமிட்டி முடிந்தது. உன் கடிதத்தை அங்கே வாசித்தேன்.

யோசித்துத்தான் செய்தேன். சுவர் பூசப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை எங்கள் பெரிய டாக்டரே கிளப்பினார். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண், நோட்டீசை வாசித்தவர், யாரும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறார் என்று இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன். என் பாட்டி என்பதையும் மறைக்கவில்லை. அத்துடன் அந்தச் சந்தேகம் தள்ளுபடி ஆயிற்று. வாய்க்காலையும் சொன்னேன். மற்ற ஐந்து ஊருக்கும் அதே வாய்க்கால்தானே என்றார் அமெரிக்க டாக்டர்.

மீதி இருந்த மருந்து டின்னைச் சோதித்ததில் மருந்து சரியான வீரியத்தில் இருக்கிறதாம். அதனால் பழைய சரக்கு என்ற பேச்சும் போயிற்று. பாக்கி இருப்பது ஒன்றுதான். மருந்து சுவருக்குப் போகவில்லை. சுருளியாண்டி தண்ணீரை அடித்துவிட்டு மருந்தை ஏலக்காய்த் தோட்டக்காரர்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு போயிருக்கிறது. அடுத்த வாரம் ஒரு ஆள் வந்து நம் ஊர்ச் சுவர்களைச் சுரண்டி எடுத்துப் போவார். சுரண்டலில் மருந்து இல்லை என்றால் விஷயம் போலீசுக்குப் போகும். நம் பள்ளத்தாக்கை அடுத்த வருஷம் கைவிடுவது என்றும் பேச்சு நடக்கிறது. கடைசிக் கூட்டம் செப்டம்பர் 20.

சுருளியாண்டிக்குச் சிபாரிசு எழுதியவன் நான். நீ சொல்லித்தான் எழுதினேன். அவர் வாய் நீளம் என்று நீ எழுதிய வரியை நான் வாசிக்கவில்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கர்ணன்


ஓடைக்கரைப்பட்டி
24-8-1949

கர்ணனுக்கு.

செல்வமணிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். முதலில் நீர்க்கோவை என்று நினைத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானம் குளிர் எடுக்கிறது. இரண்டு கம்பளி போட்டும் கட்டில் ஆடுகிறது. பிறகு உடம்பு நெருப்பு. பிறகு வேர்வை. உன் அம்மாவுக்கு இருந்தது போலவே இருக்கிறது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

உத்தமபாளையத்து டாக்டர் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். மலேரியாதான் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஏற்ற மாத்திரை இங்கே தீர்ந்துவிட்டதாம், மதுரையிலிருந்து வரவேண்டுமாம். உன் ஆபீசில் இருந்தால் உடனே அனுப்பு. பிள்ளை அசைகிறதா என்று ஒரு மணிக்கு ஒரு தடவை கேட்கிறேன். "நீங்க கேக்குறதுலயே எனக்குப் பயம் வருது அப்பத்தா" என்கிறாள்.

சுவர் சுரண்டும் ஆள் வந்து போனான். நம் வீட்டிலும் சுரண்டினான். சின்னக் கரண்டியால் மேலாகச் சுரண்டிக் காகிதப் பொட்டலத்தில் கட்டி, பேர் எழுதிக்கொண்டான்.

வேறு எழுதத் தோன்றவில்லை. எழுத வேண்டியது இருக்கிறது.

மாயக்காள்


புது டில்லி
31-8-1949

அப்பத்தாவுக்கு.

மாத்திரை ரிஜிஸ்தர் பார்சலில் இன்றே அனுப்பிவிட்டேன். எப்படிக் கொடுப்பது என்று உத்தமபாளையத்து டாக்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் சொல்கிறபடிதான் கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாதே. செல்வமணியைக் கொசுவலைக்குள் படுக்க வை. பகலிலும்.

சுரண்டல் முடிவு வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பொட்டலத்தில் நாற்பதில் மருந்தே இல்லை. இரண்டில் மட்டும் இருக்கிறது. அந்த இரண்டு எந்த வீடு என்று பார்த்தேன். ஒன்று பூட்டிக் கிடக்கும் சங்கிலி குடும்பத்து வீடு, சாவி வாங்கித் திறந்து சுரண்டியிருக்கிறார்கள். மற்றது சுருளியாண்டியின் வீடு. தன் வீட்டுக்கு மட்டும் நல்ல மருந்து அடித்துக்கொண்டான் என்கிறார்கள்.

ஆனால் மருந்தை விற்றவர் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஏன் நல்ல மருந்து அடிக்க வேண்டும்? இந்தக் கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடமும் நான் கேட்கப் போவதில்லை. ஒருமுறை கேட்டேன், பதில் எழுதினாய்.

செல்வமணியைப் பற்றி ஒரு கார்டாவது தினம் போடச் சொல்.

கர்ணன்


ஓடைக்கரைப்பட்டி
6-9-1949

கர்ணனுக்கு அப்பத்தா எழுதுவது.

மாத்திரை வந்தது. நேற்று வரவேண்டிய குளிர் வரவில்லை. பிள்ளை அசைகிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டால் மீதியை நீ கொஞ்சம் அமைதியாகப் படிப்பாய்.

நீ கேட்ட இரண்டாம் கேள்விக்கு நான் பொய் எழுதினேன்.

மருந்து அடித்த சுவரை நீ பார்த்ததில்லை. வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்து, பம்பின் தாரை கோடு கோடாக இறங்கி, பறவை எச்சமிட்ட மாதிரி இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் வருகிறார், கர்ணன் ஊர் என்று பார்க்க வருகிறார் என்று நீ எழுதினாய். வீட்டுக்குப் புது ஆள் வந்தால் சுவர் பூசாமல் உள்ளே கூப்பிடுகிற வழக்கம் நமக்கு உண்டா? நோட்டீசில் மூன்று மாதம் என்று இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அடித்து ஐந்து வாரம் ஆகிவிட்டதே, உரம் மண்ணில் இறங்குகிற மாதிரி மருந்தும் சுவருக்குள் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். மொக்கம்மாள் கேட்டாள், "நோட்டீஸ்ல வேண்டாம்னு போட்ருந்துச்சே மாயக்கா?" என்று. "என் பேரனோட நோட்டீசு, எனக்குத் தெரியாதா" என்றேன். அதற்குமேல் ஊரில் யார் பேசுவார்கள். இரண்டு நாளில் செம்மண்ணும் சாணமும் குழைத்து உள்சுவர் முழுக்கப் பூசினோம். வெளியே சுண்ணாம்பும் காவிப் பட்டையும். நாற்பது வீடு. சங்கிலி குடும்பம் மலைக்குப் போயிருந்ததால் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. சுருளியாண்டி பெண்டாட்டி பஞ்சம்மாள் மட்டும் பூசமாட்டேன் என்றாள். "எங்க வீட்டுக்காரரு தொடக் கூடாதுன்னுட்டுப் போயிருக்காக" என்றாள். அன்றைக்கு அவளை நான் என்னென்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை.

சுருளியாண்டி அப்போது கம்பத்துப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தவன் நேராக நம் வீட்டுக்கு வந்தான். அதுதான் நான் எழுதின அந்த நாள். "ஆத்தா, நீங்களே பேரனுக்கு எழுதீருங்க. நான் எழுதுனா ஒங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றான். "என்னத்தடா எழுதச் சொல்ற?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்தான். மோரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் எழுதிவிடுவானோ என்று பயந்துதான், வாய் நீளம் என்று முந்திக்கொண்டு எழுதினேன். அவன் கடைசிவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை கர்ணா. வேலை போயும் திறக்கவில்லை.

செல்வமணிக்கு ஒழித்துக் கொடுத்த பின்கட்டு அறை இருக்கிறதே, பிள்ளைபெறுகிற அறை என்று அதை மட்டும் இரண்டு கை பூசினேன். கொசுவெல்லாம் அந்த அறைச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றால் தட்டினால் கும்பலாக எழும்பியது. அங்கே கொண்டுபோய் அவளைப் படுக்க வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலில் பஞ்சம்மாள் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினதும் துணியை அள்ளிக்கொண்டு எழுந்தாள். போகிறபோது, "எழுத்து தெரிஞ்சவுக எழுதுனா டில்லியே கேக்குமாமுல்ல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுத மட்டும் ஒங்க கை வலிக்குதாக்கும்" என்றாள். பத்துப் பெண்கள் நின்றார்கள். ஒருத்திகூட அவளை ஏனென்று கேட்கவில்லை. அவர்களுக்கும் தெரியும்தானே, பூசினது அவர்கள் கைதானே.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். சுருளியாண்டி பம்பு வாரைத் துடைத்துக்கொண்டிருந்தான், வேலை இல்லாத பம்புக்கு எதற்கு வார் என்று தெரியவில்லை. நான் இன்றைக்கு எழுதப் போகிறேன் என்றேன். "பேரனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல ஆத்தா?" என்று கேட்டான். உனக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு நாள் கை வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். மூன்று மாதம் சுவரைத் தொடாதே என்று நோட்டீஸ் போட்டவர்கள், சுவர் எப்போது பூசப்படும் என்று ஒரு பெண்ணிடமாவது கேட்டார்களா? தை பிறக்கும் முன் பூசுவோம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு முன் பூசுவோம். நீங்கள் அடித்தது வைகாசியில், அது நல்லதாகப் போயிற்று. ஒரு மாதம் முந்தி அடித்திருந்தால் வந்த வாரமே போயிருக்கும். பெண் பெரியவளானால் அந்த வீடு பூசப்படும். பிள்ளை பிறந்தால் தீட்டு கழிய. சாவு விழுந்தால் கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு. ஐப்பசி அடைமழையில் மண் கரைந்தால் கரைந்த இடத்துக்கு. இவ்வளவையும் ஒரு காகித நோட்டீஸ் நிறுத்திவிடும் என்று இரண்டு சர்க்காரும் சேர்ந்து நினைத்திருக்கிறீர்கள். நான் செய்தது தப்பு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் செய்யாவிட்டால் தீபாவளிக்குள் வேறு எவளாவது செய்திருப்பாள்.

முதல் கடிதத்தை எந்த மேஜையில் வாசித்தாயோ, அதே மேஜையில் இதையும் வாசி. பாட்டி என்பதை அன்றைக்கு மறைக்கவில்லை என்றாய். இன்றைக்கும் மறைக்காதே.

மாயக்காள்


புது டில்லி
22-9-1949

அப்பத்தா,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உன் மேல் கோபமில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அதைக் காணாமல் போட்டுவிடலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். சுருளியாண்டி அத்தனை நாள் வாய் மூடியிருந்ததை நினைத்து அந்த நினைப்பை விட்டேன்.

இருபதாம் தேதி வாசித்தேன். தமிழில் ஒரு பத்தி, இங்கிலீஷில் ஒரு பத்தி. வாய் நீளம் என்ற வரியையும் விடவில்லை. எங்கள் தரப்பில் ஒருவர், ஒரு கிழவி சாணி பூசியதற்காகவா இரண்டு தேசம் இரண்டு மாதம் சண்டை போட்டோம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. நீ மோர் கொடுத்தாயே, அந்த விருந்தினரும் இருந்தார். சுத்தமான கிராமம் என்று தன் அறிக்கையில் எழுதியதை அவரே வாங்கிப் பேனாவால் அடித்தார். அமெரிக்க டாக்டர் மட்டும், அந்தப் பூசும் நாட்களை மறுபடி வாசியுங்கள் என்றார். வாசித்தேன். எழுதிக்கொண்டார். மூன்றாம் தடவையும் கேட்டார்.

முடிவுகளைச் சொல்கிறேன். சுருளியாண்டியை உடனே வேலையில் சேர்க்க உத்தரவு, நிறுத்தின நாளிலிருந்து சம்பளத்துடன். நம் பள்ளத்தாக்கைக் கைவிடவில்லை. அடுத்த வருஷம் மருந்து வரும். ஊர் பூசி முடித்த பிறகே மருந்து என்று இரு தரப்பும் ஒப்பந்தத்தோடு ஒரு தாள் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஊருக்கு மட்டும் இந்த மாதமே மறுபடி அடிக்க வருவார்கள். உன் பேர் எங்கும் இல்லை. இருக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்று. சொந்த வீட்டுச் சாட்சியைக் கமிட்டி முன் வைத்தவன் கொசுக் கணக்குப் பிரிவில் இருக்கக் கூடாது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. என்னை இமயமலை அடிவாரத்துக் காட்டுப் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே இன்னும் ஒரு வீட்டிலும் மருந்து அடிக்கவில்லை. முதலில் போகிறவர்களில் நானும் ஒருவன். அக்டோபர் முதல் தேதி புறப்படுகிறேன். விலாசத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்படாதே.

கர்ணன்


ஓடைக்கரைப்பட்டி
19-10-1949

சிரஞ்சீவி கர்ணனுக்கு அப்பத்தா எழுதுவது.

செல்வமணிக்குப் போன செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தது. நாள் முந்திவிட்டது. தராசில் போட்டால் ஒரு கோழிதான். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறோம். பால் குடிக்கச் சக்தி இல்லை, திரியில் நனைத்து விடுகிறோம். அழுகை மட்டும் பெரிய பிள்ளை அழுகை. டாக்டர் பத்து நாள் போகட்டும் என்றார். எட்டு நாள் போயிருக்கிறது. பேர் இன்னும் வைக்கவில்லை.

சுருளியாண்டி வேலையில் சேர்ந்துவிட்டான். அடிக்க வந்த அன்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பூச வேண்டியதெல்லாம் பூசியாச்சா தாயி? பெறகு பூசுனா எனக்கு வேல போயிரும்" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். நம் வாசலில் மட்டும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பிள்ளை பிறந்த வீடு, தீட்டு கழிக்கப் பூச வேண்டும் என்று மொக்கம்மாள் சொன்னாள். தரையை மட்டும் மெழுகு, சுவரில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். ஊரில் முணுமுணுக்கிறார்கள். பஞ்சம்மாள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் வாய்க்காலில் நான் இறங்கினால் இப்போது எழுந்து போவதில்லை.

நீ அந்தக் காட்டிலிருந்து போட்ட இரண்டு கார்டும் வந்தன. இரண்டிலும் சௌக்கியம், கவலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் கார்டில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஜீப்பில் வைத்து எழுதினாயா, குளிர் எடுத்து எழுதினாயா என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவன் கார்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டான். செல்வமணிக்கு அந்தக் கார்டை நான் காட்டவில்லை.

சௌக்கியம் என்று எழுதுவது எவ்வளவு லேசு என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். கேட்ட கேள்விக்கு இல்லை என்று எழுதிய கை இது. உனக்கும் அந்தக் கைதான் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே இனி எழுத்து எனக்குப் போதாது. பக்கத்தில் டவுன் ஏதாவது இருக்கும், அங்கே போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. புதிதாக எடுக்க வேண்டும், காலேஜில் எடுத்ததை அனுப்பி ஏமாற்றாதே. தொப்பி வேண்டாம். கோட்டு வேண்டாம், கழுத்து எலும்பு தெரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும். முகத்தை நேரே வைத்துக்கொள். கண்ணை நன்றாகத் திற. எடுத்த தேதியைப் பின்பக்கம் ஸ்டுடியோக்காரர் கையால் எழுதி வாங்கு, உன் கையால் வேண்டாம். வழியில் மடங்கிவிடாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் சேர்த்துவிடு.

மாயக்காள்